ஏ பிளஸ் கோர் 2 பாஸ்: ரீஸ்டோர் பகுதியை நான் படித்த விதம்

கம்ப்யூட்டர் பராமரிப்பு வேலைக்கான கம்ப்டியா ஏ பிளஸ் சான்றிதழின் இரண்டாவது தேர்வான கோர் 2 ஒருவழியாக முடிந்தது. கடைசிக் கேள்வியை அழுத்திய பிறகும் மார்க்கைக் காட்டாமல் சர்வே நிரப்பச் சொல்கிறார்களே, அதற்குத் தனியாக ஒரு சான்றிதழ் தரலாம். பாஸாக 700 மார்க் வேண்டும், தாண்டியாகிவிட்டது. கேள்விகளை வெளியே சொல்லமாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் உட்காருகிறோம். அதனால் என்ன வந்தது என்று கேட்காதீர்கள். பேக்கப் (நகல் எடுத்து வைப்பது), ரீஸ்டோர் (அதிலிருந்து மீட்பது) பகுதியை வீட்டில் எப்படிப் பழகினேன் என்பதை மட்டும் எழுதுகிறேன். என் தயாரிப்பில் உருப்படியான பகுதி அதுதான்.

எல்லோரும் ஃபுல் (முழு நகல்), இன்கிரிமென்டல் (கடைசி பேக்கப்புக்குப் பின் மாறியது மட்டும்), டிஃபரன்ஷியல் (கடைசி ஃபுல்லுக்குப் பின் மாறியது எல்லாம்) அட்டவணையை மனப்பாடம் செய்கிறார்கள். அது ஒரு சாயங்கால வேலை. ஞாயிறு ஃபுல், தினமும் ராத்திரி ஒரு பேக்கப், வியாழன் காலையில் டிஸ்க் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்கிரிமென்டல் என்றால் ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன் நான்கும் வரிசையாக வேண்டும். டிஃபரன்ஷியல் என்றால் ஞாயிறும் புதனும் போதும். இதை ஒரு தாளில் வரைந்தால் மறக்காது.

மார்க் போகிற இடம் அடுத்தது: ரீஸ்டோர் திரையில் எந்தப் பெட்டியை டிக் செய்வது. வீடியோ பார்த்தால் இது மண்டையில் ஏறாது. கம்ப்யூட்டருக்குள் இன்னொரு போலிக் கம்ப்யூட்டரை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் ஒரு விண்டோஸ் போட்டு மூன்று டிஸ்க் மாட்டுங்கள். ஒன்றில் சிஸ்டம், ஒன்றில் கண்டதையும் போட்ட டி டிரைவ், மூன்றாவதில் பேக்கப். கன்ட்ரோல் பேனலில் விண்டோஸ் 7 பெயரிலேயே இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிற பேக்கப் பகுதிக்குப் போய், சிஸ்டம் டிரைவை மட்டும் இமேஜ் (டிரைவின் முழு அச்சு நகல்) எடுங்கள். அப்புறம் விண்டோஸ் இன்ஸ்டால் செய்யும் ஐஎஸ்ஓ ஃபைலில் பூட் செய்து சிஸ்டம் இமேஜ் ரெகவரிக்குள் நுழையுங்கள்.

அங்கே ‘ஃபார்மட் அண்ட் ரீபார்ட்டிஷன் டிஸ்க்ஸ்’ என்று ஒரு பெட்டி வரும். கீழே சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள்: இந்தக் கம்ப்யூட்டரில் உள்ள எல்லா டிஸ்க்கையும், இமேஜில் இருந்த அமைப்புக்கே மாற்றுமாம். எல்லா டிஸ்க்கையும்! பக்கத்தில் ‘எக்ஸ்க்ளூட் டிஸ்க்ஸ்’ பட்டன் இருக்கும். பேக்கப் இருக்கிற டிஸ்க்கை விண்டோஸ் தானாக ஒதுக்கிவிடும். உங்கள் டி டிரைவை நீங்கள்தான் ஒதுக்க வேண்டும். ஒரு முறை ஒதுக்கியும் ஒரு முறை ஒதுக்காமலும் ஓட்டிப் பாருங்கள். விர்ச்சுவல் டிஸ்க்தானே, போனால் போகட்டும்.

இதிலிருந்து வந்த பழக்கம்தான் எனக்குக் கை கொடுத்தது. எந்த ரீஸ்டோர் கேள்வி வந்தாலும், எதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று யோசிப்பதற்கு முன்னால், எது அழியக்கூடாது என்று பார்ப்பேன். நான்கு விடைகளில் இரண்டு அங்கேயே விழுந்துவிடும். மற்றபடி நான் எதையும் அழுத்திச் சொல்லப் போவதில்லை, இதைத்தான் சொல்வேன்.

கூடவே தெரிந்திருக்க வேண்டியவை:

- யுஇஎஃப்ஐ (கம்ப்யூட்டரைத் துவக்கும் புதிய வகை ஃபர்ம்வேர்) கணினியில் எடுத்த இமேஜ் என்றால் யுஎஸ்பியையும் யுஇஎஃப்ஐ முறையில்தான் பூட் செய்ய வேண்டும். பழைய பயாஸ் முறையில் வந்தால், ஃபர்ம்வேர் வேறு என்று சொல்லி மறுத்துவிடும்.
- புது டிஸ்க் பழையதன் அளவாவது இருக்க வேண்டும். உள்ளே டேட்டா கொஞ்சம்தான் என்ற வாதமெல்லாம் இந்த விசார்டிடம் எடுபடாது.
- டிஸ்க் 2 டிபிக்கு மேல் என்றால் பார்ட்டிஷன் அமைப்பு ஜிபிடி. பழைய அமைப்பான எம்பிஆர் அதற்கு மேல் எட்டாது.
- ‘விண்டோஸ்இமேஜ்பேக்கப்’ ஃபோல்டரின் பெயரை மாற்றாதீர்கள், வேறு ஃபோல்டருக்குள் தள்ளாதீர்கள். விசார்ட் கண்டுபிடிக்காது.
- ரீஸ்டோர் முடிந்ததும் டிரைவைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் நிலையைப் பாருங்கள். திரும்பப் போட வேண்டியிருக்கும்.

நேரம் இருந்தால் டிஸ்க்கை நகலெடுக்கும் இலவச மென்பொருளான குளோன்சில்லாவையும் ஒரு கை பாருங்கள். தேர்வுக்கு அவசியமில்லை, ஆனால் அதன் எக்ஸ்பர்ட் மோடில் பார்ட்டிஷன் டேபிளை இமேஜில் இருப்பது போலவே போடவா, புது டிஸ்க்கின் அளவுக்கு விகிதமாகப் போடவா என்று கேட்கும். பெரிய டிஸ்க்குக்கு மாறுகிறவர்களுக்கு இரண்டாவது. டிஸ்க்கில் எழுதுவதற்கு முன் இரண்டு முறை உறுதி கேட்கும் அந்த மென்பொருளின் குணம் எனக்கு ரொம்பப் பிடித்தது.

செய்முறைக் கேள்விகளைக் கடைசியில் பாருங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் முதலிலேயே முடித்துவிட்டேன். பாக்கி வேலை இருந்தால் எனக்கு அடுத்தது ஓடாது. 90 நிமிடத்தில் 90 கேள்வி வரைக்கும் இருக்கலாம் என்பதால், ஒன்றில் மாட்டிக்கொண்டால் வெளியே வரத் தெரியாதவர்கள் என்னைப் பின்பற்ற வேண்டாம். கேள்வியில் பெரிய எழுத்தில் ‘ஃபர்ஸ்ட்’ என்று இருக்கிறதா, ‘பெஸ்ட்’ என்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு விடைக்குப் போங்கள். நான்குமே சரியான வேலைகளாக இருக்கும், வரிசைதான் கேள்வி.

கோர் 1, கோர் 2 தேர்வுகளின் பழைய பதிப்புகளான 1101, 1102 இரண்டும் 2025 செப்டம்பரோடு நின்றுவிட்டன. இப்போது 1201, 1202. புதிய பாடத்திட்டத்தில், பழைய இடத்திலேயே மேலெழுதுவதா வேறு இடத்தில் ரீஸ்டோர் செய்வதா என்பதும் உண்டு. ஒரு ஃபோல்டர் மட்டும் போயிருந்தால் வேறு இடத்தில் இறக்கி, ஒப்பிட்டு, தேவையானதை மட்டும் எடுத்துக்கொள்வதே என் கட்சி. யாராவது பழைய 1102 புத்தகத்தைப் பாதி விலைக்குத் தந்தால் வாங்கலாம், பேக்கப் அத்தியாயம் பெரும்பாலும் அப்படியே பயன்படும். மற்றவற்றைப் புதிய பாடத்திட்டத்தோடு வரி வரியாக ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.