பிட்ல்பீயில் மாஸ்டடான்: பாஸ்வேர்ட் கேட்காத லாகின்

தரமணியில் வேலை பார்க்கும் நண்பன் ஒருவன், ஐஆர்சி (IRC) என்ற பழைய எழுத்து சாட் ஜன்னலிலேயே, ட்விட்டர் மாதிரியான சமூக வலைத்தளமான மாஸ்டடானும் வர வேண்டும் என்று, மற்ற சேவைகளை ஐஆர்சிக்குள் கொண்டுவரும் பிட்ல்பீ (BitlBee) மென்பொருளைப் போட்டுவிட்டு, "பாஸ்வேர்டை எங்கடா கொடுக்கிறது?" என்று கேட்டான். எங்கேயும் கொடுக்க வேண்டாம். இதில் எனக்கு ரொம்பப் பிடித்ததே அதுதான்.

முதலில் பிட்ல்பீக்குக் கட்டளை தட்டும் கன்ட்ரோல் சேனலில் ரெஜிஸ்டர் செய்துகொள்ளுங்கள். அப்புறம் அக்கவுண்ட் ஆட் கட்டளையில் உங்கள் மாஸ்டடான் பெயரை சர்வர் பெயரோடு சேர்த்துக் கொடுத்து ஆன் செய்தால், தனியாக ஒரு சாட் திறந்து அதில் நீளமான லிங்க் ஒன்று வரும், அதை பிரவுசரில் திறந்து அனுமதி கொடுத்ததும் காட்டும் கோட் (code) வரியை அப்படியே காப்பி செய்து அதே சாட்டில் ஒட்டி என்டர் தட்டினால் வேலை முடிந்தது. அந்தக் கோட் ஒரு முறைக்குத்தான். அதைக் கொடுத்து பிட்ல்பீ வாங்கி வைத்துக்கொள்வதுதான் டோக்கன், அதாவது பாஸ்வேர்டுக்குப் பதிலான அனுமதிச் சாவி. மறக்காமல் சேவ் கொடுங்கள்.

2010 ஆகஸ்டில் ட்விட்டர், வெளிச் செயலிகள் பாஸ்வேர்டை வாங்கி உள்ளே நுழையும் வழியை மூடி, இப்படி டோக்கன் கொடுக்கும் ஓஆத் (OAuth) முறைக்கு மாறியது. சரியான முடிவு என்றுதான் இன்றும் சொல்வேன். வேளச்சேரி பறக்கும் ரயிலில் லேப்டாப்பைத் தொலைத்தால்கூட, போனில் மாஸ்டடான் அமைப்புகளுக்குப் போய், அனுமதி பெற்ற செயலிகளில் பிட்ல்பீயை மட்டும் ரத்து செய்தால் போதும், மற்ற செயலிகள் பாட்டுக்கு ஓடும்.

ஆனால் டோக்கனும் ரகசியம்தான். உதவி கேட்டு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பும் முன் அதில் தெரிகிறதா என்று பாருங்கள்.