கரையில் விட்ட சாயம்

சேலம் அம்மாப்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டுக்கு 43 அங்குல டி.வி. வந்த அன்று, அதை மாட்டிக் கொடுத்தவர் செட்டாப் பாக்ஸிலிருந்து பழைய டி.வி.க்கு வந்த மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரையே இதிலும் செருகிவிட்டுப் போனார். ஒரு வாரம் கழித்து அம்மாதான் குறையைக் கண்டுபிடித்தார். தறியோடு வாழ்ந்த கண் அது. திரையில் ஒருவர் கட்டியிருந்த வெள்ளை வேட்டியின் சிவப்புக் கரையைக் காட்டி, "கரைச் சாயம் வேட்டியோட உடல்ல இறங்கியிருக்குது பாருடா" என்றார்.

பழுது சாயத்தில் இல்லை, மஞ்சள் வயரில் இருந்தது. வெளிச்சம், நிறம் இரண்டையும் அந்த ஒற்றை வயர் ஒன்றாகக் கலந்து அனுப்புகிறது. அதிலும் நிறத்துக்கு ஒதுக்கப்படும் இடம் மிகக் குறைவு என்பதால், அழுத்தமான சிவப்பு தன் எல்லையில் நிற்காமல் பக்கத்தில் கசிகிறது. அத்துடன் எச்.டி. ஒளிபரப்பின் 1080 வரிகளும் இந்த வழியாக வரும்போது 576 வரிகளாகச் சுருங்கிவிடுகின்றன. எச்.டி. சேனல்களுக்கு மாதாமாதம் தனியாகப் பணம் கட்டிவிட்டு, பழைய டி.வி.யின் படத்தைத்தான் நாங்கள் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த வயருக்குப் பதிலாக, படத்தையும் ஒலியையும் சேர்த்தே கொண்டுபோகும் எச்.டி.எம்.ஐ. கேபிள் வாங்க ஐந்து ரோடு பக்கம் போனேன். கடைக்காரர் 200 ரூபாய்க் கேபிளை ஒதுக்கி வைத்துவிட்டு, தங்க முலாம் பூசிய 1,800 ரூபாய்க் கேபிளை எடுத்து நீட்டி, "கலர் தூக்கலா இருக்குங்க சார்" என்றார். எச்.டி.எம்.ஐ.யில் போவது டிஜிட்டல் தகவல். அது ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் இரண்டு கேபிளிலும் ஒரே படம்தான். சேராவிட்டால் திரையில் வெள்ளைப் புள்ளிகள் மின்னும், அல்லது படமே விட்டுவிட்டு வரும். நிறம் கொஞ்சம் கூடுவது, குறைவது என்ற பேச்சே அதில் கிடையாது. பார்க்க வேண்டியது நீளத்தையும் வேகத்தையும்தான். முழு எச்.டி.க்கு 'ஹை ஸ்பீட்' என்று அச்சிட்ட ஒன்றரை மீட்டர் கேபிள் தாராளம். முழு எச்.டி.யைப் போல நான்கு மடங்கு புள்ளிகள் கொண்ட 4கே படத்தை நொடிக்கு 60 சட்டகமாகப் பார்ப்பவருக்கு நொடிக்கு 18 ஜிகாபிட் தகவல் தாங்கும் 'பிரீமியம் ஹை ஸ்பீட்' வேண்டும். 48 ஜிகாபிட் கேபிள் விளையாட்டுக் கன்சோல் வைத்திருப்பவர்களின் கவலை. நான் 200 ரூபாய்க் கேபிளை வாங்கிக்கொண்டு வந்தேன்.

தங்க முலாமை அடியோடு பழிக்கவும் முடியாது. ஏற்காட்டில் மாமா வீட்டில் பனிமூட்டம் ஜன்னல் வழியாகக் கூடத்துக்குள்ளேயே வந்துவிடும். அங்கே முலாமில்லாத மலிவான பின் ஒன்றில் பச்சைக் களிம்பு பிடித்திருந்ததை நானே சுரண்டியிருக்கிறேன். தங்கம் அந்தக் களிம்பைத் தடுக்கும், அவ்வளவுதான்.

கேபிளை மாற்றிய பிறகும் படம் மங்கலாகவே இருந்ததால், கடைக்காரர் சொன்னதுதான் சரியோ என்று ஒரு நிமிடம் தடுமாறினேன். பிறகு செட்டாப் பாக்ஸின் அமைப்புப் பகுதியைத் திறந்து பார்த்தால், வெளியீடு 576 என்றே நின்றிருந்தது. அதை 1080க்கு மாற்றியதும் செய்திச் சேனலின் அடியில் ஓடும் எழுத்துகள் கத்தரித்து வைத்தாற்போல் தெளிந்தன.

மிஞ்சியது எச்.டி.எம்.ஐ. துளையே இல்லாத பழைய டிவிடி பிளேயர். அதற்குக் காம்போனென்ட் வயர்: பச்சையில் வெளிச்சம், நீலத்திலும் சிவப்பிலும் நிறம். மஞ்சள் வயரைப் போல இதுவும் டிஜிட்டல் அல்லாத அனலாக்தான் என்றாலும் மூன்றும் தனித்தனியாகப் போவதால் சாயம் கசிவதில்லை. தங்கையின் கல்யாண டிவிடியைப் போடும் அவசரத்தில் நீலத்தையும் சிவப்பையும் மாற்றிச் செருகிவிட்டேன். மணமேடையில் இருந்த எல்லோர் முகமும் நீலம் பாரித்துக் கிடக்க, அம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் கையோடு வயரை மாற்றினேன். மாப்பிள்ளை கட்டியிருந்தது சேலம் வெண்பட்டு. அம்மா எழுந்து திரையருகே போய்க் கரையைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வந்து உட்கார்ந்தார்.