யூ.கே.ஜி. பிள்ளைக்கு வீட்டில் என்ன சொல்லிக்கொடுப்பது?

காரைக்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் யூ.கே.ஜி. பிள்ளைகளுக்கு டீச்சராக இருக்கிறேன். பெற்றோர் கூட்டத்துக்கு எங்கள் வகுப்பில் அப்பத்தாக்களும், அம்மாவைப் பெற்ற ஆயாக்களும்தான் அதிகம் வருவார்கள். பல வீடுகளில் அப்பா சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருப்பார். அம்மா வேலைக்குப் போயிருப்பார். வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "வீட்டுல எழுத இன்னும் ரெண்டு பக்கம் சேத்துக் குடுங்க டீச்சர். சும்மாதானே சுத்திக்கிட்டு இருக்கான்."

அந்த இரண்டு பக்கத்தை நான் கொடுப்பதில்லை. ஐந்து வயதில் விரல்களுக்கு இன்னும் பலம் கூடியிருக்காது. நாலு கோடு நோட்டில் பக்கம் பக்கமாக எழுத வைத்தால், பென்சிலைக் கை முழுவதும் சேர்த்து இறுக்கிப் பிடித்து, தாள் கிழிய அழுத்தி, கை வலிக்கிறது என்று அழும். அப்புறம் நோட்டைக் கண்டாலே ஓடும். சீடைக்கு மாவு பிசையும்போது பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்து ஓர் உருண்டை மாவு கொடுங்கள் என்பேன். உருட்டி உருட்டித்தான் பென்சில் பிடிக்கும் விரல்கள் தேறும்.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதே, நான் என்னத்தச் சொல்லிக்குடுக்க?" என்று ஓர் அப்பத்தா கேட்டார். வீட்டில் பல்லாங்குழி இருக்கிறதா ஆச்சி என்று கேட்டேன். இருந்தது, பரணில். அவர் பேரன் ஐம்பது வரை கடகடவென்று ஒப்பிப்பான். எட்டுப் புளியங்கொட்டையை முன்னால் வைத்து எண்ணச் சொன்னால் விரல் ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம் போகும்; பத்து என்பான், பதினொன்று என்பான். வரிசை தெரியும், எண்ணத் தெரியாது. எங்கள் வகுப்பில் அதிகம் பார்ப்பது இதைத்தான். பல்லாங்குழியில் பதினான்கு குழி, குழிக்கு ஐந்து காய். கையில் அள்ளிய காயைக் குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். ஒரு காய், ஒரு குழி என்று விரல் தானாக நிதானப்படும். நாலு காய் சேர்ந்தால் 'பசு' என்று எடுக்க வேண்டும், இல்லையா? எதிராளி முந்திக்கொள்வதற்குள் பார்க்க வேண்டுமே என்ற அவசரத்தில், நாலை எண்ணாமலே கண்ணால் பிடிக்கப் பிள்ளை பழகிவிடும். கூட்டலுக்கு அதைவிட நல்ல அடித்தளத்தை நான் வகுப்பில் போட முடியாது.

பிள்ளையார் நோன்பு கும்பிடுகிற வீடுகளில் இன்னும் வசதி. திருக்கார்த்திகை நாளில் தொடங்கித் தினமும் ஒரு நூல் இழையாக 21 இழை சேர வேண்டும். இன்றைக்கு எத்தனை, நாளைக்கு எத்தனை ஆகும் என்று பிள்ளையைக் கேட்டுக்கொண்டே எடுங்கள்.

எழுத்து விஷயத்தில்தான் வீட்டுக்கும் எங்களுக்கும் கொஞ்சம் இழுபறி. நான் ட, ப, ம என்று தொடங்குவேன். ட, ப எல்லாம் நேர்கோடு, எழுத எளிது. சீக்கிரமே படம், மடம், பட்டம் என்று படிக்கவும் வந்துவிடும். அ, ஆ எல்லாம் சுழி. "இன்னும் ஆனா ஆவன்னாவே தெரியலையே" என்று வீட்டில் பதறிப்போய் முதலிலிருந்து தொடங்கிவிடுகிறார்கள். கொஞ்ச நாள் பொறுங்கள், அதுவும் வரும். ஆங்கில எழுத்தின் ஒலியும் அப்படித்தான். 'எம்'முக்கு 'ம்' என்று நான் சொல்லிக்கொடுப்பதை வீட்டில் 'ம' என்று இழுத்துச் சொன்னால், ஒலிகளைச் சேர்த்து ஒரு சொல்லாகப் படிக்கும்போது பிள்ளை தடுமாறும். தெரியாவிட்டால், அதை என்னிடம் விட்டுவிடுங்கள்.

ஒன்றாம் வகுப்பில் பின்தங்கிவிடுவானோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரசுப் பள்ளிகளின் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளே ஆடியும் பாடியும் செய்து பார்த்தும்தான் படிக்கிறார்கள். அப்படியிருக்க, யூ.கே.ஜி. பிள்ளையை ஏன் நோட்டோடு கட்டிப்போட வேண்டும்?

வெளிநாட்டில் இருக்கும் அப்பாக்களுக்கும் வேலை உண்டு. வீடியோ காலில் "இன்னைக்கு என்ன படிச்ச?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் பதில் வரும். "முகப்புத் தரையில இருக்குற ஆத்தங்குடிக் கல்லுல பூவுக்கு எத்தனை இதழ், எண்ணிச் சொல்லு" என்று கேட்டுப் பாருங்கள். போனைத் தூக்கிக்கொண்டு ஓடும். திரும்பி வந்து இதழோடு நிறத்தையும் சேர்த்துச் சொல்லும்.

கடை மூடி இரவு ஒன்பதுக்கு வீடு சேரும் அம்மாக்கள் என்னிடம் தயங்கித் தயங்கிப் பேசுவார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இது: சோறு ஊட்டும்போது பிள்ளை சொல்கிற கதையைக் கடைசிவரை கேளுங்கள். தூக்கம் சொக்கினால் நோட்டை எடுக்காமல் படுக்க வையுங்கள். டைரியில் 'இன்று முடியவில்லை' என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும், காலையில் நான் பார்த்துக்கொள்கிறேன்.