காரைக்குடியில் சொனாட்டாக்களைத் தரம் பிரித்த அனுபவம்

நான் காரைக்குடியில் பியானோ சொல்லிக்கொடுக்கிறேன். கிரேடு தேர்வுகளில் பாதி தூரம் வந்துவிட்ட பிள்ளைகள் எல்லாரும் ஒரு கட்டத்தில் கேட்பது, "டீச்சர், இனி ஒரு சொனாட்டா வாசிக்கலாமா?" என்றுதான். சொனாட்டா என்றால் பல பகுதிகள் கொண்ட பெரிய படைப்பு. வாசிக்கலாம். ஆனால் எதை? அதற்குச் சரியான பதில் சொல்ல எனக்கு ஒரு பட்டியல் தேவைப்பட்டது. அதைத் தயாரித்த விதத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கர்நாடக சங்கீதத்தில் இந்தக் கவலை பெரிதாக இல்லை. சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம் என்று படிகள் ஏற்கெனவே கட்டப்பட்டிருக்கின்றன. சொனாட்டாக்களை யாரும் பாட வரிசையாக எழுதி வைக்கவில்லை. பீத்தோவனுடையவை 32, மொசார்ட்டுடையவை 18, ஹைடனுடையவை ஐம்பதுக்கும் மேல். ஓபஸ் எண்ணை (படைப்புகளுக்குப் பெரும்பாலும் அச்சேறும் வரிசையில் கொடுக்கும் எண்) பார்த்தும் எதையும் முடிவு செய்ய முடியாது. பீத்தோவனின் ஓபஸ் 49இல் உள்ள இரண்டு சொனாட்டாக்களும் 1790களில் எழுதப்பட்டு 1805இல் அச்சேறியவை. அவருடைய 32இல் மிக எளியவை என்று எல்லாரும் முதலில் எடுப்பது அவற்றைத்தான். ஓபஸ் 2இன் முதல் சொனாட்டாவோ, எண்ணில் முந்தியது என்றாலும், அவற்றைவிடப் பல மடங்கு கடினம்.

முதலில் ஹென்லே பதிப்பகத்தின் தர எண்களை எடுத்துக்கொண்டேன். ஜெர்மன் பதிப்பகம் அது. ரோல்ஃப் கோனன் என்ற பியானோ கலைஞர் 1 முதல் 9 வரை தரம் போட்டிருக்கிறார். மூன்று வரை எளிது, ஆறு வரை நடுத்தரம், அதற்கு மேல் கடினம். பீத்தோவனின் ஹேமர்கிளாவியர், ஓபஸ் 106, ஒன்பதில் இருக்கிறது. அது சரிதான். அந்தச் சொனாட்டாவுக்கு மட்டும்தான் பீத்தோவன் மெட்ரோனோம் என்ற தாளக் கருவிக்கான வேகத்தைத் தானே குறித்தார். முதல் பகுதிக்கு நிமிடத்துக்கு 138 அரை நோட்டுகள். கடைசியில், ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரும் ஒரு பெரிய ஃபியூக் வேறு. இப்படி இரு ஓரங்களும் தெளிவாகத் தெரிகின்றன. நடுவில்தான் எனக்குத் திணறல். ஒரே தர எண்ணில் இருக்கும் இரண்டு சொனாட்டாக்களில் ஒன்று ஒரு பிள்ளைக்கு வழவழவென்று வருகிறது, இன்னொன்று மாதக்கணக்கில் நகர மறுக்கிறது.

அதனால் நானே ஒவ்வொன்றாக எடுத்து வாசித்துப் பார்க்கத் தொடங்கினேன். முதல் பக்கத்திலிருந்து போகவில்லை. முழுவதையும் கண்ணால் ஓட்டி, மிக மோசமான எட்டு பார் (தாள அளவு) எங்கே இருக்கிறது என்று தேடினேன். பிறகு அதை மட்டும் மூன்று காலத்தில், ஒன்றைவிட ஒன்று இரட்டை வேகத்தில், வாசித்தேன். இது நம் பாட்டு வகுப்பிலிருந்து எடுத்துக்கொண்ட பழக்கம். முதல் காலத்தில் எல்லாமே எளிது. இரண்டாம் காலத்தில் விரலமைப்பில் உள்ள கோளாறு தெரிந்துவிடும். மூன்றாம் காலத்தில் கை இறுகுகிறதா என்பதுதான் அந்தச் சொனாட்டாவின் உண்மையான தரம்.

பீத்தோவனின் மூன்லைட்டை வைத்துச் சொல்கிறேன். 1801இல் எழுதிய ஓபஸ் 27இன் இரண்டாம் சொனாட்டா. யூடியூபில் கேட்டுவிட்டு அதை வாசிக்க வேண்டும் என்று சொல்லாத பிள்ளையே இல்லை. முதல் பகுதியின் ஸ்வரங்களை ஓரளவு பழகியவர்களே பிடித்துவிடுவார்கள். ஆனால் வலது கையின் சுண்டுவிரல் மேலே பாட்டைப் பாட, அதே கையின் மற்ற விரல்கள் அடங்கி ஒலிக்க வேண்டும். பல பெரியவர்களுக்கே அது வருவதில்லை. மூன்றாம் பகுதி புயல். கீழிருந்து மேலே பாயும் ஆர்ப்பெஜியோக்கள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களைப் பிரித்து ஒன்றன்பின் ஒன்றாக வாசிப்பது), உச்சியில் இரண்டு அடி, மறுபடி கீழே, மறுபடி மேலே. மெதுவான பகுதியை மட்டும் வாசிக்கிறேன் என்று ஒரு பிள்ளை சொன்னால் தாராளமாகக் கொடுப்பேன். சொனாட்டா வாசிக்கிறேன் என்று சொன்னால் மூன்றாம் பகுதிதான் கணக்கு.

பீத்தோவனின் பத்தேத்திக், ஓபஸ் 13, இன்னொரு மாதிரி. அதில் ஸ்வரங்கள் புரியாதவை இல்லை. முதல் பகுதி வேகமெடுத்ததும் இடது கை ஆக்டேவை, அதாவது ஒரே ஸ்வரத்தின் கீழ், மேல் ஸ்தாயிகளை, விடாமல் உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு பக்கம் தாண்டுவதற்குள் முன்கை கல்லாகிவிடும். மணிக்கட்டைத் தளர்த்தக் கற்காத பிள்ளைக்கு இதைக் கொடுத்தால் வலிதான் மிஞ்சும். எந்தத் தர எண்ணைவிடவும் இந்த ஒரு விஷயம் எனக்கு முக்கியம்.

மொசார்ட்டின் கே. 545இல் (கே. என்பது அவருடைய படைப்புகளின் பட்டியல் எண்) நின்ற அளவுக்கு நான் வேறு எதிலும் நிற்கவில்லை. 1788இல் அவரே தன் பட்டியலில் தொடக்கநிலையினருக்கு என்று குறித்துவைத்த சி மேஜர் சொனாட்டா அது. பக்கத்தில் மை குறைவு. இடது கை ச-ப-க-ப என்று சுற்றிக்கொண்டிருக்க, ஐந்தாவது பாரிலிருந்து வலது கை ஸ்கேலாக ஓடும், ஒவ்வொரு முறையும் ஒரு படி கீழிருந்து. தொடக்கப் பாடல் திரும்பி வரும்போது மொசார்ட் அதை வழக்கம்போல் சியில் வைக்காமல் எஃப் மேஜரில் வைத்துவிட்டார். அதே ஓட்டம் இப்போது பி ஃபிளாட்டோடு வரும், பழகிய விரலமைப்பை மறுபடி சரிபார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், ஒளிந்துகொள்ள இடமே இல்லை. ஒரு ஸ்வரம் கொஞ்சம் அழுத்தமாக விழுந்தாலும் அறை முழுக்கத் தெரியும். இதற்குப் பிறகுதான் என் நோட்டில் ஒவ்வொரு சொனாட்டாவுக்கும் இரண்டு மதிப்பெண் எழுத ஆரம்பித்தேன்: ஸ்வரங்களைப் பிடிக்க ஒன்று, கேட்கும்படி வாசிக்க ஒன்று. கே. 545க்கு முதலாவது குறைவு, இரண்டாவது மிக அதிகம். ஓபஸ் 49இன் இரண்டாம் சொனாட்டாவும் இப்படித்தான். அதன் முதல் அச்சில் எங்கே மென்மையாக, எங்கே பலமாக என்ற குறிகள் ஏறக்குறைய இல்லை. அந்த முடிவுகளை வாசிப்பவர்தான் எடுக்க வேண்டும்.

அப்புறம் பிள்ளை. இது வீணைக்குப் பேர்போன ஊர், வீணைக் கலைஞர்களான காரைக்குடி சகோதரர்களின் ஊர். வீணையோ பாட்டோ கற்றுவிட்டு என்னிடம் வருபவர்கள் உண்டு. அவர்களுக்குத் தாளம் அசையாது, ட்ரில் போன்ற அலங்காரங்கள் சட்டென்று வந்துவிடும். ஹைடனின் டி மேஜர் சொனாட்டா, அவருடைய படைப்புகளுக்கான ஹோபோக்கன் பட்டியலில் 16:37, அவர்கள் கையில் துள்ளுகிறது. ஆனால் இரண்டு கையும் இரண்டு விதமான பலத்தில் பேச வேண்டும் என்றால், பாட்டு மட்டும் கற்ற பிள்ளை கொஞ்ச நாள் தவிக்கிறது. வீணைப் பிள்ளைக்கு அந்தத் தவிப்பு குறைவு.

கருவியையும் கணக்கில் எடுக்க வேண்டும். இங்கே பல வீடுகளில் இருப்பது 61 கட்டை கீபோர்டு. மொசார்ட் காலத்துப் பியானோவுக்கும் ஐந்து ஆக்டேவ், 61 கட்டைதான். ஆனால் அது எஃப்பில் தொடங்கியது, இது சியில் தொடங்குகிறது, அதனால் அவர் எழுதிய கீழ் ஸ்வரங்கள் சில இதில் இல்லை. பழைய வியன்னா பியானோக்களின் கட்டைகள் லேசானவை, ஆழமும் குறைவு. வால்ட்ஸ்டைன், ஓபஸ் 53இன் கடைசிப் பகுதியில் பீத்தோவன், கட்டைகள்மேல் விரலை வழுக்கி இழுக்கும் ஆக்டேவ் கிளிசாண்டோ எழுதியிருக்கிறார். இன்றைய கனமான கட்டையில் அது விரலைப் பதம் பார்க்கும். எழுதிய நாளில் இருந்த கடினம் வேறு, இன்று இருக்கும் கடினம் வேறு.

கூடத்தின் ஒலி பற்றி எந்தப் பட்டியலிலும் நான் பார்த்ததில்லை. செட்டிநாட்டுப் பெரிய வீட்டு ஹாலில் ஆத்தங்குடிக் கல் தரை, வழவழப்பான சுண்ணாம்புச் சுவர், உயர்ந்த கூரை. சத்தம் உடனே அடங்காது. கானாடுகாத்தானில் தன் ஐயா வீட்டில் கே. 545 வாசித்த ஒரு மாணவிக்கு, வகுப்பறையில் முத்து முத்தாக வந்த ஓட்டம் அங்கே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. டெம்போவைக் குறைத்து, ஒலியை நீட்டும் பெடலைத் தொடாமல் வாசிக்கச் சொன்னேன், தெளிந்தது. மூன்லைட் முதல் பகுதியைப் பெடலை எடுக்காமல் வாசிக்கச் சொல்கிறார் பீத்தோவன். அவருடைய பியானோவில் ஒலி சீக்கிரம் தேய்ந்துவிடும். இன்றைய பியானோவில், அதுவும் இப்படி ஒரு ஹாலில், அப்படியே செய்தால் குழம்பிவிடும். கால் எப்போது எடுக்க வேண்டும் என்று காது சொல்லவேண்டும்.

இப்போது என் வரிசை இப்படி இருக்கிறது. கிளெமென்டியின் ஓபஸ் 36 சொனாட்டினாக்கள் (சிறிய சொனாட்டாக்கள்), பீத்தோவனின் ஓபஸ் 49இன் இரண்டும், கே. 545, ஹைடனின் டி மேஜர், பீத்தோவனின் ஓபஸ் 79, ஓபஸ் 14, அதற்குப் பிறகே பத்தேத்திக். பெற்றோர் சிலருக்குப் பெரிய பெயராக இருக்க வேண்டும் என்று ஆசை. அவர்களிடம் அந்த எட்டு பாரை வாசித்துக் காட்டிவிட்டு, பிள்ளையின் கையைப் பார்க்கச் சொல்கிறேன்.

கானாடுகாத்தான் ஹாலில் வாசித்த அந்த மாணவி இப்போது ஓபஸ் 79இன் முதல் பகுதியில், ஒரு கை மற்றதைத் தாண்டிப் போகும் இடத்தை இரண்டாம் காலத்தில் வாசிக்கிறாள். மூன்றாம் காலத்தில் தோள் ஏறாமல் வந்தால் தேர்வுக்கு அதுவே. ஏறினால் ஹைடன் தயாராக இருக்கிறது.