மறுதொடக்கத்தில் சிக்கிய தீச்சுவர்

பாலோ ஆல்டோ நிறுவனத்தின் தீச்சுவர்களை (வலையமைப்பின் போக்குவரத்தைச் சோதித்து அனுமதிக்கும் காவல் கருவிகளை) இயக்கும் பான்-ஓஎஸ் மென்பொருளில் 2024 டிசம்பரில் வெளியான, பாதுகாப்புக் குறைபாடுகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2024-3393 என எண்ணிடப்பட்ட பாதிப்பை, தீச்சுவர்களைப் பராமரிப்போர் அனைவரும் ஒருமுறை முழுமையாகப் படித்தறிய வேண்டும் என விரும்புகிறேன். கடவுச்சொல்லோ உள்நுழைவோ இல்லாத ஒருவர், சிதைவாக வடிவமைத்த ஒரு டிஎன்எஸ் (இணையப் பெயர்களை முகவரிகளாக மாற்றும் முறை) தரவுப் பொட்டலத்தைத் தீச்சுவரின் வழியாகக் கடந்துபோகச் செய்தாலே கருவி மறுதொடக்கம் ஆகிவிடும்; அதையே திரும்பத் திரும்பச் செய்தால், அது பராமரிப்பு நிலைக்குப் போய், மனிதர் தலையிடும்வரை மீளாது. தரவு எதுவும் திருடப்படுவதில்லை என்பதால் இவ்வகைப் பாதிப்புகளைச் சிலர் இரண்டாம் தரமாகக் கருதுகின்றனர். அதை நான் ஏற்கவில்லை. எல்லாப் போக்குவரத்தும் கடக்கும் வாயில் விழுந்தால், அதன் பின்னுள்ள சேவைகள் அனைத்தும் வெளியுலகுக்கு இல்லாமற்போகின்றன.

தீய டொமைன்களை நாடும் கோரிக்கைகளைக் கண்டறியும் டிஎன்எஸ் பாதுகாப்பு வசதியில், நிகழ்வுகளைப் பதிவுசெய்தல் இயங்கும் கருவிகளே பாதிக்கப்பட்டன. ஆகவே, திருத்திய பதிப்பை உடனே நிறுவ இயலாதவர்கள், ஸ்பைவேர் (உளவு மென்பொருள்) தடுப்புக்கான அமைப்புத் தொகுப்பான சுயவிவரத்தில் ஒவ்வொரு டிஎன்எஸ் வகைக்குமான பதிவுத் தீவிர நிலையை ‘எதுவுமில்லை’ என மாற்றலாம் என்பது தற்காலிகத் தீர்வாக அறிவிக்கப்பட்டது. மாற்றத்தைக் கமிட் செய்தால்தான் (கருவியில் உறுதிப்படுத்தினால்தான்) அது நடைமுறைக்கு வரும். திருத்தத்தை நிறுவிய பின் பழைய அமைப்பை மீட்டுவிட வேண்டும். இல்லையேல் தீய டொமைன்களை நாடும் கணினிகளைப் பற்றிய தடயங்கள் பதிவாகாமலே போய்விடும். பான்-ஓஎஸ் 11.0 வரிசை, பாதிப்பு வெளியாவதற்கு முந்தைய மாதமே ஆதரவுக் காலத்தை முடித்துவிட்டதால் அதற்குத் திருத்தம் வரவில்லை. அதைப் பயன்படுத்தியோர் அடுத்த வரிசைக்கே மாற வேண்டியிருந்தது.