பிரிக்பீல்ட்ஸில் ராத்திரிக் கடை: உரிமம் வாங்கிய கதை

நானும் அண்ணியும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அங்காடிக் கடை போட்டிருக்கிறோம். புட்டுமாயம் (இடியாப்பம்), தோசை, இஞ்சி டீ. மாலை ஆறரைக்குத் திறந்தால் நள்ளிரவு வரை ஓடும். "ராத்திரிக் கடைக்கு கவர்மெண்ட் ஏதாவது உதவி பண்ணுதா அக்கா?" என்று தோசைக்குக் காத்திருக்கும் நேரத்தில் பலர் கேட்கிறார்கள். பண்ணுகிறது. ஆனால் அந்த உதவி எல்லாம் பணமாகவும் பயிற்சியாகவும்தான் வருகிறது. இடம் கிடைக்குமா, வெளிச்சம் இருக்குமா, கடையை மூடிவிட்டு எப்படி வீட்டுக்குப் போவது என்பதெல்லாம் நம் பாடு.

முதலில் காகிதங்கள். இந்தப் பகுதி பயமுறுத்தும், ஆனால் இதுதான் சுலபம். எஸ்எஸ்எம் என்ற மலேசிய நிறுவன ஆணையத்தில் வியாபாரத்தைப் பதிய, சொந்தப் பெயரில் என்றால் வருடத்துக்கு 30 வெள்ளி (ரிங்கிட்), கடைப் பெயர் வைத்தால் 60. கைப்பேசியிலேயே முடித்துவிடலாம். உணவைக் கையால் தொடுகிற எல்லோருக்கும் டைபாய்டு ஊசி கட்டாயம். மூன்று வருடத்துக்குச் செல்லும். தனியார் கிளினிக்கில் போட்டுக்கொண்டோம். அப்புறம் உணவு கையாளுவோர் பயிற்சி. அரை நாள் வகுப்பு, ஆளுக்கு 50 வெள்ளி வாங்கினார்கள். 2009ஆம் ஆண்டு உணவுத் தூய்மை விதிகளின்படி ஏப்ரன், தலையுறை, மூடிய காலணி எல்லாம் வேண்டும். ஜப்பான் சிலிப்பரோடு அடுப்படியில் நிற்கக் கூடாது.

அந்த வகுப்பில் எனக்குப் பக்கத்தில் அறுபது வயது இருக்கும் ஓர் அம்மா. கெடா மாநிலத்தில் தோட்டத்தில் வளர்ந்தவர். மலாய் சரளமாகப் பேசுகிறார், வாசிக்க வராது. திரையில் மலாயில் ஓடிய ஒவ்வொரு வரியையும் நான் காதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். பயிற்சி கொடுத்த மலாய்க்காரப் பெண் கண்டும் காணாததுபோல் விட்டார், நல்ல மனசு. முப்பது வருடம் வீட்டில் வடை போட்டு விற்றவருக்குக் கைகழுவச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவரை நிறுத்திவைப்பது மலாய்ப் படிவம்தான். தமிழில் ஒரு விளக்கத் தாள் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

கடனுக்கு இரண்டு கதவு தட்டினோம். நான் போனது டெக்குன் நேஷனல், சிறு வியாபாரிகளுக்குக் கடன் கொடுக்கும் அரசு நிறுவனம். அங்கே இந்திய வியாபாரிகளுக்கென்றே ஸ்பூமி என்ற திட்டம் இருக்கிறது. 2024இல் பெரிய தொகை கேட்பவர்களுக்காக ‘ஸ்பூமி கோஸ் பிக்’ என்று 1 லட்சம் வெள்ளி வரைக்கும் கொண்டுவந்தார்கள். எங்களுக்கு அவ்வளவு எதற்கு? அடுப்பு, வண்டி, குடை, மடக்கு மேசை, அவ்வளவுதான். அண்ணி சிறுகடன் கொடுக்கும் அமானா இக்தியார் பக்கம் போனார். வங்காளதேசத்து கிராமீன் வங்கியைப் பார்த்து 1987இல் தொடங்கிய அமைப்பு அது. பெண்கள் குழுவாகச் சேர்ந்து வாங்குவார்கள், வாராவாரம் கட்டுவார்கள். அதிலும் 2024இல் இந்தியப் பெண்களுக்காக 5 கோடி வெள்ளி ஒதுக்கி ‘பெண்’ என்றே ஒரு திட்டம் வந்தது. இரண்டிலும் சொத்துப் பத்திரம் எதுவும் கேட்கவில்லை. அன்றாடக் கணக்கு எழுதிய நோட்டு இருந்தால் பேச்சு சீக்கிரம் முடிகிறது.

இனி இடம். உரிமம் உங்கள் பெயரில்தான் வரும், ஆனால் அது ஓர் இடத்தோடு கட்டிப்போட்டு வரும். மாநகர் மன்றம் ஒத்துக்கொள்ளும் இடம் இல்லாமல் விண்ணப்பித்தால், அது அப்படியே கிடக்கும். காத்திருந்த நாட்களில் ஒருவர் வந்தார். "லைசென்ஸ் என் பேர்ல இருக்கு, நீங்க கடை போடுங்க, மாசம் மாசம் எனக்கு ஒரு தொகை குடுத்துடுங்க." கேட்ட தொகை எங்கள் அரிசி, உளுந்துச் செலவைவிட அதிகம். உரிமத்தை வாடகைக்கு விடுவது விதிக்குப் புறம்பு. சோதனை வந்தால் லாரியில் ஏறப்போவது எங்கள் அடுப்பு, அவருடைய காகிதம் இல்லை. அண்ணி ஒரே வார்த்தையில் முடித்தார்: "வேணாம் தம்பி." அந்த வழியில் கடை போட்டிருப்பவர்கள் நிறைய. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை, இடத்தை இவ்வளவு அரிதாக்கி வைத்தால் இப்படித்தான் நடக்கும்.

கடைசியில் ஒரு பெரியவர் முழங்கால் வலியால் கடையை விட்டார், அந்த இடம் மன்றத்துக்குத் திரும்பியது. எங்கள் பெயர் பட்டியலில் இருந்ததால் கூப்பிட்டார்கள். அளக்க வந்த தம்பி ஒருவர் டேப்பைச் சாக்கடை மூடியிலிருந்து இழுத்து, நடைபாதையில் ஓடும் மஞ்சள் பட்டைக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தினார். சுண்ணாம்பால் ஒரு கோடு. "கக் (அக்கா), மேசை இது வரைக்கும்தான். நாற்காலிக் கால்கூட இதைத் தாண்டக் கூடாது." பார்வையற்றோர் சங்கம் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது, கோல் பிடித்து நடப்பவர்களுக்குக் காலடியில் தட்டுப்பட அந்தப் பட்டையைப் பதித்திருக்கிறார்கள். உடம்பு பிடித்துவிடும் வேலை முடிந்து ஒன்பது மணிக்கு மேல் அப்படி வருகிறவர்கள் எங்கள் வாடிக்கை. கூட்டமான ராத்திரியில் யாராவது மோட்டார் சைக்கிளை அந்தப் பட்டைமேல் ஏற்றி நிறுத்தினால் அண்ணி கரண்டியோடு போய்விடுவார். எங்களுக்குப் போட்ட கோடு மோட்டாருக்கும் இருந்தால் நன்றாக இருக்கும்.

மாமியாருக்கு மட்டும் இந்த ஏற்பாடே பிடிக்கவில்லை. "பொம்பளைக்கு ராத்திரி வேலை சட்டத்திலேயே கெடையாது" என்றார். ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர், சொன்னதில் பாதி உண்மை. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, ஆலையிலும் தோட்டத்திலும் பெண்களை இரவு 10 மணியிலிருந்து காலை 5 மணி வரை வேலை வாங்கக் கூடாது என்றது; தனி அனுமதி வாங்கினால்தான் விலக்கு. 2023 ஜனவரி 1இலிருந்து அந்தப் பிரிவே இல்லை. சொந்தக் கடைக்கு அது எப்போதும் பொருந்தியதும் இல்லை.

தடையை எடுத்தது சரி. வேலை முடிந்தபின் வீட்டுக்கு? மாதம் 50 வெள்ளி மை50 அட்டையில் எல்ஆர்டி, எம்ஆர்டி ரயில், பஸ் எல்லாம் ஏறலாம். ஆனால் பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் கடைசி ரயில் போய்விடுகிறது. அப்புறம் கைப்பேசியில் கூப்பிடும் கிராப் கார்தான், மழை பெய்தால் இரண்டு மடங்கு. கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் இரவு ஷிப்ட் பார்க்கும் துப்புரவுப் பெண்கள் எங்களிடம் சாப்பிடுவார்கள், அவர்களுக்கும் இதே பாடு. சில நாள் நாலு பேர் சேர்ந்து ஒரே காரில் போகிறோம். கழிப்பறைக்குப் போக, பக்கத்து உணவகத்து முதலாளி தன் கடைச் சாவி கொடுத்திருக்கிறார். அவர் கடையை மாற்றிவிட்டால் என்ன செய்வது என்று யோசிக்காமல் இருக்கிறேன். வியாபாரக் கடனுக்கு இத்தனை திட்டம் போட்டவர்கள் ஒரு கழிப்பறைக்கும் ஒரு நள்ளிரவு பஸ்ஸுக்கும் திட்டம் போடவில்லை. அலுவலகங்கள் ஐந்து மணிக்கு மூடிவிடுகின்றன, ராத்திரி எப்படி இருக்கும் என்று அங்கே இருப்பவர்கள் பார்ப்பதில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கோலாலம்பூர் மேயரை நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை, நியமனம்தான். அதனால் எம்பியின் சேவை மையத்தில் மனு கொடுத்திருக்கிறோம்: தெருவிளக்கு ஒன்று, கழிப்பறை ஒன்று. பக்கத்துக் கடைக்காரர்கள், துப்புரவுப் பெண்கள், மசாஜ் நிலையத்து ஆட்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். விளக்குக்கு ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார். கழிப்பறைக்கு இன்னும் பதில் இல்லை.