புக்குயியின் குளிர்கால யோக்கான்: நான்கு முறை செய்து பார்த்தது

யோக்கான் என்ற சப்பானியப் பயற்று இனிப்பை முதல் முறை செய்து தட்டிலிருந்து வெட்டி எடுத்தபோது, அடியில் கரும்பழுப்பாக ஒரு படலமும் அதன் மேல் தேநீர் நிறத்தில் தெளிவான ஒரு படலமுமாக இரண்டாகப் பிரிந்து நின்றது. சுவையில் குறை சொல்ல முடியாது. ஆனால் மேலடுக்கில் வெறும் சர்க்கரைத் தண்ணீரும் அடியடுக்கில் பயற்றுவிழுதும் என நாக்கில் தனித்தனியாகத்தான் பட்டன. வேலையின் பொருட்டு ஒசாக்காவில் குடியிருக்கும் நான், சென்ற சனவரியில் சப்பானின் புக்குயி நகரில் இரண்டு நாள் தங்கியபோது சாப்பிட்ட மிசு யோக்கானை வீட்டிலேயே செய்துவிடலாம் என்று இறங்கியதன் முதல் பலன் அது.

'மிசு' என்றால் தண்ணீர். அசுகி என்ற சிறு சிவப்புப் பயற்றின் விழுது, சர்க்கரை, கடற்பாசியிலிருந்து எடுக்கும் கான்டென் ஆகிய மூன்றையும் தண்ணீரோடு காய்ச்சி உறையவிட்டால் யோக்கான். அதில் தண்ணீரைக் கூட்டி இளகலாக உறையவிட்டால் மிசு யோக்கான். சப்பானின் பிற பகுதிகளில் குளிரவைத்துக் கோடையில் உண்ணும் இந்தப் பண்டத்தை, கடலோரப் பனி கொட்டும் புக்குயி மக்கள் நவம்பர் முதல் மார்ச் வரை, போர்வை போர்த்தி அடியில் சூடேற்றும் கொதாட்சு மேசைக்குள் கால்களை நீட்டிக்கொண்டு உண்கிறார்கள். ஏறத்தாழ ஒரு தாள் அளவுள்ள தட்டையான காகிதப் பெட்டியில் நேரடியாக ஊற்றி உறையவைத்து விற்கிறார்கள்; உடன் வரும் சிறு மரக்கரண்டியால் கீறிப் பெட்டியிலிருந்தே எடுத்து உண்ணலாம். நான் வாங்கிய பெட்டியில் கருஞ்சர்க்கரையின் மணம் தூக்கலாக இருந்தது. ஒரு துண்டு வாயில் வைத்ததும் மெல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் கரைந்துபோனது, அன்றிரவே பெட்டி காலியாகிவிட்டது.

குளிர்காலத்தில் ஏன் என்ற கேள்விக்கு விடை சர்க்கரையின் அளவில் இருக்கிறது. வழக்கமான கெட்டி யோக்கான் மாதக்கணக்கில் கெடாமலிருப்பதற்கு அதில் கொட்டும் சர்க்கரையே காரணம். தண்ணீரைக் கூட்டிச் சர்க்கரையைக் குறைத்தால் சில நாட்களிலேயே கெட்டுவிடும். குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் அப்படியொரு பண்டத்தை வைத்திருக்கக் குளிர்காலத்து வாசல் நடையைவிட நல்ல இடம் கிடையாது. இதற்கு அந்த வட்டாரத்தில் 'தெச்சி யோக்கான்' என்றும் ஒரு பெயருண்டு. தெச்சி என்பது கடைகளில் தொழில் பழகும் சிறுவனைக் குறிக்கும் சொல். கியோத்தோவுக்கு வேலைக்குப் போன பையன்கள் புத்தாண்டுக்கு ஊர் திரும்பும்போது கொண்டுவந்த யோக்கானைத் தண்ணீர் விட்டு இளக்கிப் பலருக்கும் பங்கிட்டார்கள் என்பது அந்தப் பெயருக்குச் சொல்லப்படும் கதைகளுள் ஒன்று. மோரில் தண்ணீர் சேர்ப்பது போன்ற சிக்கனம்தான். ஆனால் இங்கே சிக்கனமே சுவையாகிவிட்டது.

இரண்டாம் முறைக்குக் கடைவிழுதை விட்டுவிட்டு நானே விழுது எடுத்தேன். 250 கிராம் அசுகியை ஊறவைக்காமலே கொதிக்கவைத்து, துவர்ப்பு போக முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரத்துக்கு மேல் வேகவைத்தேன். உளுந்துக்கும் பாசிப்பயற்றுக்கும் உறவான பயறுதான் என்றாலும், குழைந்த பிறகும் தோல் மட்டும் பிடிவாதமாக நிற்கிறது. சல்லடையில் தேய்த்துத் தோலை நீக்கி, கலங்கிய நீரைத் தெளியவிட்டு, மேல்நீரை இறுத்து, மீண்டும் நீர் ஊற்றித் தெளியவிட்டு, மூன்றாம் முறை துணியில் கட்டிப் பிழிந்தபோது, உள்ளங்கையில் ஈர மண் போல உதிரும் சாம்பல் கலந்த ஊதா நிற மாவு மிஞ்சியது. இதைச் சர்க்கரையோடு கிண்டினால் வழவழப்பான விழுது கிடைத்துவிடும். இந்த வேலைக்கு அரைநாள் போனது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

அளவு முதல் முறை போலவே: விழுது 400 கிராம், தண்ணீர் 600 மில்லி, கான்டென் தூள் 4 கிராம், கருஞ்சர்க்கரை 50 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. கான்டெனைத் தண்ணீரில் கலந்து இரண்டு நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவிட்டு, அது முழுதும் கரைந்த பிறகே சர்க்கரையைச் சேர்க்க வேண்டும். முதல் முறை நான் செய்த தவறு, கொதிக்கக் கொதிக்கத் தட்டில் ஊற்றியது. நீர்த்த சூட்டில் பயற்றுத்துகள் அடியில் படிந்துவிட்டது. ஆகவே இம்முறை பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் அமர்த்தித் துழாவத் தொடங்கினேன். அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து அம்மா அழைத்தார். பேசி முடித்துத் திரும்பியபோது ஓரங்கள் உறைந்து, நடுவில் கட்டி கட்டியாக மிதந்தது. கான்டென் 40 பாகைக்குச் சற்று முன்பின்னாகவே இறுகிவிடும், திரும்ப உருக 85 பாகைக்கு மேல் வேண்டும். மறுபடி காய்ச்சியதில் தண்ணீர் வற்றி, கிடைத்தது மிசு யோக்கானும் அல்லாத, கெட்டி யோக்கானும் அல்லாத ஒன்று.

நோன்புக் காலத்தில் நம் ஊர் முசுலிம் வீடுகளில் தேங்காய்ப்பால் விட்டுச் செய்யும் கடற்பாசியும் இதே குணம் கொண்டதுதான், ஆனால் அதில் அடியில் படிய எதுவும் இல்லாததால் சூடாக ஊற்றினாலும் கெடுவதில்லை. கான்டென் என்ற சொல்லின் எழுத்துகளுக்குக் 'குளிர்ந்த வானம்' என்று பொருள். 17ஆம் நூற்றாண்டில் கியோத்தோவை அடுத்த புசிமியில் விடுதி நடத்திய ஒருவர் மிஞ்சிய பாசிக்கூழை வெளியே எறிய, அது இரவில் உறைந்து பகலில் உருகிப் பல நாளில் சருகாகக் காய்ந்ததிலிருந்து இது பிறந்ததாகச் சொல்வார்கள். நாகானோ மாநிலத்தில் இன்றும் குளிர்கால வயல்களில் அப்படியே உறையவிட்டுக் காயவைக்கிறார்கள். யோக்கான் என்ற பெயரின் எழுத்துகளோ 'ஆட்டு இறைச்சிச் சாறு' என்று பொருள்படுபவை. சீனத்திலிருந்து வந்த அந்தச் சாற்றை, புலால் உண்ணாத சென் பௌத்தத் துறவிகள் பயறும் மாவும் கொண்டு போலி செய்ததில் தொடங்கி, கான்டென் சேர்ந்த பிறகுதான் இன்றைய வடிவம் வந்தது.

மூன்றாம் முறை வெப்பமானி வாங்கி வைத்துக்கொண்டேன். 50 பாகையில் துழாவலின் வேகத்தைக் குறைத்தேன். 46இல் கரண்டியைத் தூக்கினால் விழுது நூலாக இறங்கி மேற்பரப்பில் ஒரு நொடி தங்கி மறைந்தது. அந்தக் கணத்தில் தட்டில் ஊற்றினேன். இரவில் வெளியே 4 பாகை இருந்ததால் குளிர்பதனப் பெட்டியைத் தவிர்த்து, மூடிக் கட்டி மாடத்தில் வைத்தேன். காலையில் வெட்டிய முகத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே நிறம். புக்குயியில் உண்டதைவிடச் சற்றே இறுக்கமாக இருந்ததால், அடுத்த தட்டுக்குத் தண்ணீரை 650 மில்லி ஆக்க வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

நான்காவது, எதிர்த்திசையில் ஒரு சோதனை. கியூசூ தீவின் சாகா மாநிலத்து ஒகி ஊர், நாகாசாக்கி துறைமுகத்தில் இறங்கிய சர்க்கரை பயணப்பட்ட நெடுஞ்சாலையை ஒட்டியது. அந்த வழி 2020இல் 'சர்க்கரைச் சாலை' என்ற பெயரில் சப்பானின் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. சர்க்கரைக்குப் பஞ்சமில்லாத அந்த ஊரின் பழைய யோக்கான், வெட்டித் திறந்துவைத்தால் புறம் சர்க்கரை பூத்து மொறுமொறுப்பாகும், உள்ளே மென்மையாகவே இருக்கும். இனிக்காத விழுது 300 கிராமுக்குச் சர்க்கரை 450 கிராம் கொட்டும்போது கை கூசத்தான் செய்தது. அல்வா போலக் கிண்டி, துடுப்பு இழுத்த இடத்தில் பாத்திரத்தின் அடி தெரிந்து மூடும் பதத்தில் இறக்கினேன். இவ்வளவு கெட்டியில் துகள் படியாது என்பதால் வெப்பமானிக்கு வேலையில்லை. மறுநாள் வெட்டி மேசைமேல் திறந்தே வைத்தேன். மூன்றாம் நாள் விளிம்புகளில் வெண்மை படர்ந்தது, ஐந்தாம் நாள் கத்தி மெல்லிய ஓடு உடைவது போன்ற ஒலியோடு இறங்கியது. அதற்குள் மூன்றாம் முறைத் தட்டில் மிஞ்சியிருந்த இரண்டு துண்டுகள் நீர் விட்டுப் புளிக்கத் தொடங்கியிருந்தன.